வாசகர் கேள்வி – பதில்: அடுப்பில்லாத மதிய உணவும் டின் மீனும்

சென்ற மாதம் இப்பகுதியில், சமையலறை இல்லாத அறைகளில் தங்கி வேலைக்குப் போகிறவர்களின் மதிய உணவைப் பற்றி எழுதியபோது, டின்னில் அடைத்த மீனைப் போகிற போக்கில் ஒரு வரியில் குறிப்பிட்டிருந்தேன். அந்த ஒரு வரிக்குத்தான் மிகுதியான கடிதங்கள் வந்திருக்கின்றன. மும்பையிலும் அதன் புறநகர்களிலும் வாழும் நம்மவர்கள் எழுதியவற்றில் ஏழு கடிதங்களை எடுத்து, இம்மாதம் முழுவதையும் அதற்கே ஒதுக்குகிறேன்.

கேள்வி: டோம்பிவ்லியில் நால்வர் சேர்ந்து ஓர் அறையில் இருக்கிறோம். அடுப்பு வைக்க அனுமதி இல்லை. காலை 6.40 வண்டியைப் பிடித்தால்தான் லோயர் பரேலில் உள்ள அலுவலகத்துக்கு நேரத்துக்குப் போக முடியும். மெஸ் சாப்பாட்டில் சோறும் தண்ணீர்ப் பருப்பும்தான். உடற்பயிற்சி செய்வதால் புரதம் வேண்டும் என்று டூனா டின்கள் வாங்கினேன். காலையிலேயே திறந்து டப்பாவில் போட்டு எடுத்துப் போகிறேன். ஆனால் பஞ்சைத் தின்பதுபோல் இருக்கிறது. வாய்க்குப் பிடிக்கும்படி, சமைக்காமல், இதை எப்படிச் சாப்பிடுவது?
— வாசகர், டோம்பிவ்லி

பதில்: சுவையைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். அதற்கு வருவதற்கு முன், உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காமலே சொல்லிவிட்ட ஒன்றைப் பற்றிப் பேச வேண்டும். காலையில் டின்னைத் திறந்து டப்பாவில் போட்டு எடுத்துப் போகும் பழக்கத்தைத் தயவுசெய்து இன்றே விட்டுவிடுங்கள்.

டின்னில் இருப்பது பச்சை மீன் அன்று. மீனை டின்னில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, அதன் பிறகு அழுத்தக் கலனில் வைத்து 115 முதல் 121 பாகை செல்சியஸ் வரையிலான வெப்பத்தில் வேகவைக்கிறார்கள். நம் வீட்டுக் குக்கரின் வேலையையே இன்னும் கண்டிப்பான அளவுகளுடன் தொழிற்சாலையில் செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். ஆகவே சமையல் அங்கேயே முடிந்துவிட்டது. மூடியிருக்கும்வரை அது மே மாத வெயிலில் கூட்டம் நெரியும் வண்டியில் உங்கள் பையில் கிடந்தாலும் ஒரு பயணத்தில் கெட்டுவிடாது. ஆனால் திறந்த கணத்திலிருந்து, காலையில் மீன் குழம்பு வைத்து வெளியில் வைத்தால் எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவுதான் அதுவும் தாங்கும். சமைத்த மீன் போன்ற பண்டங்களை வெளியில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது என்பதும், வெப்பம் 32 பாகையைத் தாண்டினால் ஒரு மணி நேரமே எல்லை என்பதும் உணவுப் பாதுகாப்பில் பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. நீங்கள் ஆறரைக்குத் திறந்து ஒன்றரைக்குச் சாப்பிடுகிறீர்கள். நடுவில் ஏழு மணி நேரம் ஓடிவிடுகிறது.

இதில் இன்னொரு சிக்கலும் உண்டு. சூரை (டூனா என்பது இதுதான்), அயிலை, மத்தி ஆகிய மீன்களின் சதையில் ஹிஸ்டிடின் என்னும் அமினோ அமிலம் அதிகம். வெதுவெதுப்பில் வளரும் சில நுண்ணுயிர்கள் அதை ஹிஸ்டமினாக மாற்றிவிடும். அது சேர்ந்த மீன் நாற்றம் அடிக்க வேண்டும் என்பதில்லை, மீண்டும் சூடுபடுத்தினாலும் அது அழியாது. பல ஆண்டுகளுக்கு முன் என் தம்பி உங்களைப் போலவே காலையில் திறந்து கட்டிக்கொண்டு போன மீனைப் பிற்பகல் சாப்பிட்டு, அரை மணி நேரத்தில் முகமும் கழுத்தும் செம்பருத்திபோல் சிவந்து, தலைவலியும் படபடப்புமாக மருத்துவரிடம் ஓடினான். ஒவ்வாமை என்றுதான் நாங்கள் நினைத்தோம். மருத்துவர் ஹிஸ்டமின் நஞ்சு என்று விளக்கிய பிறகுதான், தவறு மீனில் இல்லை, எங்கள் கடிகாரத்தில் இருந்தது என்பது புரிந்தது. அன்று முதல் எங்கள் வீட்டில் டின் பூட்டியபடியே பயணம் செய்யும். மற்றவை டப்பாவில் போகும். இரண்டும் சாப்பிடும் இடத்தில்தான் சந்திக்கும்.

இனிச் சுவைக்கு வருவோம். தண்ணீரில் அடைத்த டூனாவில் கொழுப்பு மிகக் குறைவு. அதனால்தான் பஞ்சுபோல் இருக்கிறது. அதற்கு வேண்டியது புளிப்பும் கொஞ்சம் எண்ணெயும் காரமும். நம் வீடுகளில் இவை மூன்றுக்கும் பஞ்சமில்லை. ஊரிலிருந்து வந்த இட்லி மிளகாய்ப்பொடி உங்கள் அறையில் எங்காவது இருக்கும். நீரை வடித்த மீனில் ஒரு தேக்கரண்டி பொடியைத் தூவி, ஒன்றரைத் தேக்கரண்டி நல்லெண்ணெய் விட்டு, அரை மூடி எலுமிச்சம்பழம் பிழிந்து முள்கரண்டியால் உதிர்த்துக் கிளறுங்கள். இரண்டு நிமிடம் அப்படியே இருக்கட்டும். எண்ணெயில் ஊறிய பொடி மீனுடன் சேர்ந்த பிறகு, அந்தப் பஞ்சு எங்கே போயிற்று என்று நீங்களே தேடுவீர்கள்.

வயிறு நிறைவதற்கு இதனுடன் சேர்க்க நான் முதலில் சொல்வது அவல். கொங்கணக் கரையோரத்து மராத்தி வீடுகளில் தட்பே போஹே என்று ஒன்று செய்வார்கள். மெல்லிய அவலை அடுப்பில் ஏற்றாமல், தேங்காய்த் துருவல், வெங்காயம், எலுமிச்சைச் சாறு ஆகியவற்றின் ஈரத்திலேயே ஊறவிட்டு, மேலே கனமாக எதையாவது வைத்து அழுத்தி எடுப்பது அது. மேலே ஒரு தாளிப்புச் சேர்ப்பவர்களும் உண்டு. அடுப்பில்லாத உங்களைப் போன்றவர்களுக்கு இந்த ஊரே கொடுத்திருக்கும் விடை அது என்று நான் நினைப்பதுண்டு. கடையில் கேட்கும்போது மெல்லிய அவல் என்பதை மறக்காமல் சொல்லுங்கள், ஏனென்றால் காந்தா போஹா என்னும் வெங்காய அவல் உப்புமாவுக்குப் பயன்படும் தடித்த அவல் இப்படி ஊறுவதற்கு நெடுநேரம் எடுக்கும்.

இரவே இரண்டு கைப்பிடி அவலைக் காய்ந்தபடி டப்பாவில் போட்டுக்கொள்ளுங்கள். வறுத்த வேர்க்கடலை ஒரு சிறு கைப்பிடி, தனியாக ஒரு பொட்டலத்தில். வெங்காயம், வெள்ளரிக்காய், பச்சை மிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவற்றைக் காலையில் நறுக்க நேரமிருந்தால் இன்னொரு சிறு டப்பாவில். நேரமில்லையென்றால் வெள்ளரிக்காயை முழுதாக எடுத்துப் போய்க் கடித்துக்கொள்ளலாம், ஒன்றும் குறைந்துவிடாது. மதியம் சாப்பிட உட்காரும்போது அவலின் மேல் உள்ளங்கையால் தண்ணீர் தெளித்துக் கிளறி மூடிவையுங்கள். ஐந்து நிமிடத்தில் அது பூப்போல் ஆகிவிடும். அதற்குள் டின்னைத் திறந்து, வடித்து, பொடியும் எண்ணெயும் கலந்து, எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துவிடலாம். உப்பை மட்டும் கடைசியில் ருசி பார்த்த பிறகு போடுங்கள், மீனிலேயே உப்பு இருக்கும்.

நீங்கள் வேண்டும் என்ற புரதத்தின் கணக்கு இதோ. நீர் வடித்த டூனா 100 கிராமில் 20 முதல் 25 கிராம் வரை புரதம் இருக்கும். 60 கிராம் அவலில் ஏறத்தாழ 4 கிராம், 20 கிராம் வேர்க்கடலையில் ஏறத்தாழ 5 கிராம். மொத்தத்தில் ஒரு வேளையில் 30 கிராம் அளவுக்குக் கிடைத்துவிடுகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் 2020இல் வெளியிட்ட பரிந்துரையின்படி, ஒரு நாளுக்கு உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 0.83 கிராம் புரதம் வேண்டும். 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு அது 54 கிராம். கடும் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்குத் தேவை இதைவிடக் கூடும் என்றாலும், பாதிக்கு மேற்பட்டதை மதிய உணவே தந்துவிட்டால் மீதியை மெஸ்ஸின் பருப்பும் ஒரு கிண்ணம் தயிரும் இரண்டு முட்டையும் பார்த்துக்கொள்ளும். டின்னின் மேல் எழுதியிருக்கும் மொத்த எடையை வைத்துக் கணக்குப் போடாதீர்கள். நீர் அல்லது எண்ணெய் வடித்த பின் எஞ்சும் எடை தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும், அதுதான் நீங்கள் உண்ணும் மீனின் எடை.

அவல் சலித்துப்போன நாள்களில் பாவ் ரொட்டி இருக்கிறது. இரண்டு பாவைப் பிளந்து, மத்தி மீனை வெங்காயத்துடனும் மிளகுத்தூளுடனும் மசித்து உள்ளே வைத்தால் போதும். குர்முரா எனப்படும் பொரியில் கலந்து பேல் பூரிபோலவும் சாப்பிடலாம். ஆனால் கலந்த உடனே சாப்பிட்டுவிட வேண்டும், பேசிக்கொண்டே இருந்தால் நமத்துவிடும்.

கேள்வி: டூனா, மத்தி, அயிலை என்று பலவும் டின்னில் வருகின்றன. எது நல்லது? தண்ணீரில் அடைத்ததா, எண்ணெயில் அடைத்ததா, தக்காளிச் சாற்றில் அடைத்ததா?
— வாசகி, செம்பூர்

பதில்: புரதம் ஒன்றே குறி என்றால் மூன்றும் ஏறத்தாழச் சமம். மற்றவற்றையும் சேர்த்துப் பார்த்தால் என் முதல் தேர்வு மத்தி. இங்கே மீன்காரப் பெண்கள் தார்லி என்று கூவி விற்கும் அதே மீன். டின்னில் அடைத்து அழுத்தத்தில் வேகவைக்கும்போது அதன் முள் பொடியும் அளவுக்கு மென்மையாகிவிடுவதால், முள்ளோடு சேர்த்து உண்ணலாம். எண்ணெய் வடித்த 100 கிராம் மத்தியில் முள்ளோடு சேர்த்து ஏறத்தாழ 380 மில்லிகிராம் கால்சியம் உண்டு. ஒரு நாளுக்கு வேண்டிய 1,000 மில்லிகிராமில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது. வைட்டமின் டியும் பி12உம் நிறைய இருக்கின்றன, இதயத்துக்கு உகந்த ஒமேகா-3 கொழுப்பும் டூனாவைவிட அதிகம். பால் பிடிக்காதவர்களுக்கும், காலை முதல் மாலை வரை கண்ணாடிக் கட்டடத்துக்குள்ளேயே இருந்து வெயில் படாதவர்களுக்கும் இதைத்தான் நான் பரிந்துரைப்பேன். அயிலையும் இதற்குப் பக்கத்தில் நிற்கும்.

டூனாவின் நன்மை, அதன் வாசனை மென்மையானது என்பது. அலுவலகத்தில் பத்துப் பேர் நடுவே உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களுக்கு அது சிறிய விஷயம் அன்று.

எதில் அடைத்தது என்பதைப் பொறுத்தவரை: தண்ணீரில் அடைத்ததில் கலோரி குறைவு. எண்ணெயில் அடைத்ததில் சுவை கூடுதல், ஆனால் மீனின் ஒமேகா-3 கொழுப்பில் ஒரு பகுதி அந்த எண்ணெயோடு கலந்துவிடுகிறது, எனவே எண்ணெயை முழுதும் வடித்துக் கொட்டினால் அதையும் சேர்த்துக் கொட்டுகிறோம். ஆலிவ் எண்ணெயாக இருந்தால் ஒரு கரண்டியைப் பாவில் தேய்த்துக்கொள்ளலாம். தக்காளிச் சாற்றில் அடைத்ததில் சர்க்கரையும் மாவும் எவ்வளவு என்று உறையைப் படித்துவிட்டு வாங்குங்கள். இலங்கைத் தமிழர் வீடுகளில் டின் மீனைச் சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், தேசிக்காய்ப் புளி ஆகியவற்றுடன் பிசைந்து, பாண் எனப்படும் ரொட்டியுடனோ சோற்றுடனோ உண்பார்கள். நாம் எலுமிச்சை என்பதைத்தான் அவர்கள் தேசிக்காய் என்கிறார்கள். தக்காளிச் சாற்று மீனுக்கு அதைவிடப் பொருத்தமான துணையை நான் அறியேன்.

இறக்குமதி டின்கள் கிராஃபோர்ட் மார்க்கெட்டில் பல வகையாகக் கிடைக்கும். எங்கே வாங்கினாலும் 14 இலக்க உணவுப் பாதுகாப்பு உரிம எண் இருக்கிறதா என்று பாருங்கள். நம் நாட்டிலேயும் இதற்கு மரபு உண்டு. லட்சத்தீவின் மினிக்காய்த் தீவு மீனவர்கள் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கும் சூரை, அங்கேயே டின்னில் அடைக்கப்பட்டு வந்திருக்கிறது. தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்களுக்குப் பழக்கமான மாசிக் கருவாடும் சூரையில் செய்வதுதான். கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், டின்னுக்குப் பதிலாக வெப்பம் தாங்கும் பைகளில் மீன் கறியை அடைக்கும் முறையை வளர்த்தெடுத்திருக்கிறது. வண்டியில் போகிறவர்களுக்கு அந்தப் பைகள் எடையும் குறைவு, கையை அறுக்கும் விளிம்பும் இல்லை.

கேள்வி: இரண்டு மூன்று ஆண்டுகள் கெடாமல் இருக்கிறதென்றால் அதில் எவ்வளவு ரசாயனம் கலந்திருப்பார்கள்? பிள்ளைகளுக்குக் கொடுக்கவே பயமாக இருக்கிறது.
— வாசகி, முலுண்டு

பதில்: உங்கள் அச்சம் இயல்பானது, ஆனால் டின் மீன் கெடாமல் இருப்பதற்குக் காரணம் ரசாயனம் அன்று. நுண்ணுயிர் இல்லாத இடத்தில் எதுவும் அழுகாது. மூடிய டின்னை அந்த வெப்பத்தில் வைக்கும்போது உள்ளே இருக்கும் உயிர்கள் அழிகின்றன, மூடியிருப்பதால் புதியவை நுழைய வழியில்லை. பிரான்ஸின் நிக்கோலா அப்பேர் என்னும் மிட்டாய்க்காரர் உணவைக் கண்ணாடிப் புட்டியில் அடைத்து வெந்நீரில் வேகவைத்துப் பாதுகாக்கும் முறையைக் கண்டு, 1810இல் அந்நாட்டு அரசிடம் 12,000 ஃபிராங்க் பரிசு பெற்றார். அது ஏன் கெடவில்லை என்பது அவருக்கே தெரியாது. அதன் காரணத்தை லூயி பாஸ்டர் விளக்குவதற்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

பெரும்பாலான டின்களில் மீன், தண்ணீர் அல்லது எண்ணெய், உப்பு ஆகிய மூன்றைத்தான் காண்பீர்கள். உறையின் பின்பக்கத்தைப் படியுங்கள். பெயர் தெரியாத பத்துப் பொருள் இருந்தால் அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுங்கள்.

கேள்வி: மீனையும் தயிரையும் ஒரே வேளையில் சாப்பிட்டால் வெண்புள்ளி வரும் என்று என் மாமியார் சொல்கிறார். டூனாவில் கெட்டித் தயிர் கலந்து சாப்பிடும் பழக்கம் எனக்கு உண்டு. நிறுத்திவிட வேண்டுமா?
— வாசகி, மாட்டுங்கா

பதில்: மாமியார் சொல்வது அவர் தாமாகக் கற்பித்தது அன்று. மீனையும் பாலையும் சேர்த்து உண்பதை ஆயுர்வேதம் விருத்த உணவு, அதாவது ஒன்றுக்கொன்று ஒவ்வாத சேர்க்கை என்று விலக்குகிறது, அந்த விலக்கு நாளடைவில் தயிருக்கும் நீண்டுவிட்டது. ஆனால் வெண்புள்ளி என்பது உடலின் எதிர்ப்பாற்றல் தன் நிறமிச் செல்களையே தாக்குவதால் வருவது. மீனோடு தயிர் சேர்வதால் அது வருகிறது என்பதற்கு மருத்துவச் சான்று இல்லை. வங்காளத்தில் தயிரிலேயே மீனை வேகவைக்கும் தோய் மாச் தலைமுறை தலைமுறையாகக் கல்யாணப் பந்தியில் பரிமாறப்படும் உணவு. தயிர் கலப்பதால் உங்களுக்குக் கூடுதல் புரதமும் கால்சியமும்தான் கிடைக்கின்றன. வெள்ளைத் துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிராக இருந்தால், மிளகுத்தூளும் பொடியாக நறுக்கிய வெள்ளரிக்காயும் சேர்த்து, டூனாவுக்கு மிக நன்றாகப் பொருந்தும். பாலோ மீனோ ஒவ்வாதவர்களுக்கு மட்டும் இது ஆகாது.

இருந்தாலும் ஒன்று சொல்வேன். மாமியாருடன் ஒரே மேசையில் உண்ணும் நாளில் தயிருக்குப் பதில் எலுமிச்சை பிழிந்துகொள்ளுங்கள். மீனுக்கு அதனால் எந்தக் குறையும் வராது, அவரும் நிம்மதியாகச் சாப்பிடுவார்.

கேள்வி: டின்னில் மீனோடு கண்ணாடித் துண்டு போன்ற படிகங்கள் இருந்தன. இன்னொரு டின் சற்று உப்பியிருந்தது. இரண்டையும் தூக்கி எறிந்துவிட்டேன். சரிதானா?
— வாசகர், வாஷி

பதில்: இரண்டாவதை எறிந்தது மிகச் சரி. முதலாவதை எறியும் முன் ஒரு சோதனை செய்திருக்கலாம்.

மீனில் இயற்கையாக இருக்கும் மக்னீசியம், பாஸ்பேட், அம்மோனியம் ஆகியவை சேர்ந்து சில சமயம் டின்னுக்குள் படிகமாகிவிடும். ஸ்ட்ருவைட் என்று அதற்குப் பெயர். தீங்கு இல்லாதது. அந்தத் துண்டைச் சூடான வினிகரிலோ எலுமிச்சைச் சாற்றிலோ சில நிமிடம் போட்டுவைத்தால் கரையத் தொடங்கும். கண்ணாடி கரையாது. கரையவில்லையென்றால் உண்ணாமல், டின்னையும் பில்லையும் எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

உப்பிய டின்னைப் பற்றி மிகக் கண்டிப்பாகச் சொல்கிறேன். அதைத் திறக்க வேண்டாம், முகர வேண்டாம், நுனி நாக்கில் வைத்துப் பார்க்கவும் வேண்டாம். காற்றில்லாத இடத்தில் வளரும் கிளாஸ்ட்ரிடியம் பொட்டுலினம் என்னும் நுண்ணுயிர் உண்டாக்கும் நஞ்சு நரம்பைத் தாக்கி மூச்சையே நிறுத்தக்கூடியது. தொழிற்சாலைகள் அவ்வளவு வெப்பத்தைப் பயன்படுத்துவதே முதன்மையாக இந்த உயிரின் வித்துகளை அழிப்பதற்காகத்தான். ஓட்டை விழுந்த டின், கசிவு உள்ள டின், துருவேறி அரித்த டின், விளிம்பிலோ இணைப்பிலோ ஆழமாக நசுங்கிய டின், திறக்கும்போது உள்ளிருப்பது பீறிட்டு அடிக்கும் டின் ஆகிய அனைத்தும் இதே கணக்குத்தான். நடுப்பகுதியில் லேசாக ஒடுக்கு விழுந்திருந்தால் பாதகமில்லை. இரண்டு டின் வாங்கினால் தள்ளுபடி என்று நசுங்கியவற்றைக் குவித்து வைத்திருக்கும் கூடையிலிருந்து மட்டும் எடுக்காதீர்கள்.

திறந்ததில் பாதி மிஞ்சினால், கண்ணாடி அல்லது எவர்சில்வர்க் கிண்ணத்துக்கு மாற்றி மூடிக் குளிர்பெட்டியில் வைத்து இரண்டு நாளுக்குள் முடித்துவிடுங்கள். அலுவலகத்து ஏசி அறை குளிர்பெட்டி ஆகாது.

கேள்வி: ஐந்து மாதக் கர்ப்பிணி. அலுவலகத்தில் சமைக்காமல் சாப்பிட டூனா வசதியாக இருக்கிறது. பாதரசம் இருக்கிறது என்று தோழி எச்சரிக்கிறாள். என் கணவருக்கு ரத்த அழுத்தம் உண்டு, அவரும் சாப்பிடலாமா?
— வாசகி, தாராவி

பதில்: தோழி சொன்னது உண்மை, ஆனால் அது எல்லா மீனுக்கும் ஒரே அளவில் பொருந்தாது. கடலில் கலக்கும் பாதரசம் சிறு மீனில் சிறிதளவும், அதைத் தின்னும் பெரிய மீனில் கூடுதலாகவும், நெடுநாள் வாழும் பெரிய வேட்டை மீன்களில் மிகுதியாகவும் சேர்கிறது. ஆகவே சூரையிலும் வேறுபாடு உண்டு. ஸ்கிப்ஜாக் என்னும் சிறிய சூரையில் உள்ளதைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்கு ஆல்பகோர் என்னும் வெள்ளைச் சூரையில் இருக்கும். மத்தியில் மிகமிகக் குறைவு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் கர்ப்பிணிகளுக்குப் பாதரசம் குறைந்த மீன்களை வாரத்துக்கு 225 முதல் 340 கிராம் வரை உண்ணப் பரிந்துரைக்கிறது, ஏனென்றால் குழந்தையின் மூளை வளர்ச்சிக்கு மீனின் கொழுப்பு வேண்டும். நீங்கள் வாரத்தில் இரண்டு நாள் மத்தியும் ஒரு நாள் ஸ்கிப்ஜாக் டூனாவும் என்று வைத்துக்கொள்ளலாம். உறையில் எந்தச் சூரை என்று எழுதாத டின்னை இந்த மாதங்களில் தவிர்த்துவிடுங்கள். பிள்ளை பெற்றதும் பால் ஊற வேண்டும் என்று ஊரிலிருந்து சுறா அனுப்புவார்கள். அன்போடு அனுப்புவதுதான், ஆனால் சுறா பாதரசம் மிகுந்த மீன்களில் ஒன்று என்பதால் அதற்குப் பதில் மத்தி அனுப்பச் சொல்லுங்கள்.

டின் மீன் முழுதும் வெந்தது என்பதால் அதில் உங்களுக்குக் கவலை இல்லை. அதனுடன் சேர்க்கும் பச்சைப் பொருளில்தான் கவனம் வேண்டும். முளைகட்டிய பயற்றை வேகவைக்காமல் கர்ப்பிணிகள் உண்ணக் கூடாது. முளைவிடும் அந்த வெதுவெதுப்பான ஈரம் கிருமிகளுக்கும் உகந்தது. வெள்ளரியையும் கொத்தமல்லியையும் ஓடும் நீரில் நன்றாகக் கழுவி, வீட்டிலேயே நறுக்கிக் கொண்டுபோங்கள்.

உங்கள் கணவர் சாப்பிடலாம், ஆனால் உப்பு நீரில் அடைத்ததை வாங்க வேண்டாம். ஒரு நாளுக்கு மொத்தம் 5 கிராமுக்குக் குறைவாக உப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. நீரை வடித்துவிட்டு, குடிநீரில் ஒரு முறை அலசிப் பிழிந்தால் உப்பு குறிப்பிடத்தக்க அளவு குறையும். அப்படிச் செய்த நாளில் ஊறுகாயைத் தொடக் கூடாது. இந்த இடத்தில் வேறு சிலருக்கும் சொல்லிவிடுகிறேன். யூரிக் அமிலத்தால் மூட்டுவலி உள்ளவர்களுக்கு மத்தி ஆகாது. சிறுநீரக நோயாளிகள் புரத அளவை மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். காசநோய்க்கு ஐசோனியசிட் மாத்திரை எடுப்பவர்கள் சூரை போன்ற மீன்களை உண்டால், ஹிஸ்டமினை உடல் சிதைக்க முடியாமல், முகம் சிவந்து படபடப்பு வரக்கூடும். அவர்கள் சிகிச்சை முடியும்வரை மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொட வேண்டாம்.

கேள்வி: நான் காட்கோபரில் பேயிங் கெஸ்ட்டாக இருக்கிறேன். வீட்டுக்காரர்கள் சைவம். அசைவம் கூடாது என்று சொல்லித்தான் அறை கொடுத்தார்கள். ஜூன் மாதம் தொடங்கினால் வெளியிலும் நல்ல மீன் கிடைப்பதில்லை. சமைக்காத டின் மீன்தானே, அறையில் வைத்து யாருக்கும் தெரியாமல் சாப்பிட்டால் என்ன?
— வாசகி, காட்கோபர்

பதில்: சமைத்தாலும் சமைக்காவிட்டாலும் மீன் மீன்தான், மகளே. ஒப்புக்கொண்டு அறை எடுத்திருக்கிறீர்கள். இந்த ஊரில் நம் உணவைக் காரணம் காட்டி வீடு மறுக்கப்படும்போது எனக்கும் மனம் நோகிறது. ஆனாலும் வாக்குக் கொடுத்த இடத்தில் ஒளித்து உண்ணும் உணவு உடம்பில் ஒட்டாது. மூடிய டின்னை அலுவலக மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டு, மதியம் அங்கேயே திறந்து சாப்பிடுங்கள். டின் மீனின் வசதியே அதற்கு அறையும் வேண்டாம், அடுப்பும் வேண்டாம் என்பதுதானே. அறையில் உண்ணும் இரவுகளுக்குப் பனீர் இருக்கிறது. நல்ல பால் பண்ணையின் பொட்டலப் பனீரை அப்படியே துண்டாக்கி மிளகும் எலுமிச்சையும் சேர்த்து உண்ணலாம். 100 கிராமில் ஏறத்தாழ 18 கிராம் புரதம். கைநிறையப் பொட்டுக்கடலையும் நல்ல துணை.

ஜூனைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை 61 நாள்களுக்கு விசைப்படகுகள் கடலுக்குப் போகத் தடை. மீன்கள் இனம் பெருக்கும் காலம் அது. அந்த இரண்டு மாதங்களில் சந்தைக்கு வருவது பெரும்பாலும் பனிக்கட்டியில் நெடுநாள் கிடந்ததோ தொலைவிலிருந்து வந்ததோதான், விலையும் ஏறிவிடும். அப்போது டின் மீனை வாங்குவதில் தவறே இல்லை. மீன் நல்ல விலைக்குக் கிடைக்கும் மாதங்களில் பிடித்து அடைத்து வைப்பதற்குத்தானே டின்.

அலுவலகத்தில் சாப்பிடும்போது சன்னலோரமாகவோ உணவறையிலோ உட்காருங்கள். வடித்த நீரைக் கைகழுவும் தொட்டியில் ஊற்றினால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுங்கள், வாசனை தங்குவது அங்கேதான். காலி டின்னை அலசி, திறந்த மூடியை உள்ளே மடித்துத் தள்ளி, வாயை நசுக்கி, பழைய செய்தித்தாளில் சுற்றி உலர்குப்பையில் போடுங்கள். அது பங்கார்வாலா எனப்படும் பழைய சாமான் வியாபாரி வழியாக எங்காவது ஒரு தகரக் கிடங்குக்குப் போகும். தாராவியில் அப்படிப்பட்ட குப்பையைக் கையுறை இல்லாமல் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களில் நம் ஊர்ப் பெண்களும் உண்டு. திறந்த டின்னின் விளிம்பு கத்தியைப்போல் அறுக்கும்.